மூன்று பெண்கள் கட்டிய வெயில் வீடு

"கடைசியில அந்த வீடு தோத்துப்போச்சுதானே மேடம்?"

இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி கேட்ட கேள்வி இது. உள்ளுறை வெப்பம் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. பனிக்கட்டி உருகும்போது வெப்பத்தை வாங்கிக்கொள்ளும், ஆனால் அதன் வெப்பநிலை உயராது என்று பாடப்புத்தகம் சொல்லும். அதைச் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போவதுதான் வழக்கம். அன்று நான் போகவில்லை. இந்த ஒரு விதியை நம்பி மூன்று பெண்கள் ஒரு வீடு கட்டினார்கள் என்று கதையைத் தொடங்கினேன். கதை முடிந்ததும் கடைசி பெஞ்சிலிருந்து இந்தக் கேள்வி வந்தது.

மணி அடித்துவிட்டதால் அன்று பதில் சொல்லாமல் தப்பித்தேன். ஓய்வுபெற்றுச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. அவளுக்குச் சொல்லாமல் விட்ட பதிலை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

புடாபெஸ்டிலிருந்து வந்தவர்

மரியா டெல்கெஸ் 1900 டிசம்பரில் ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டில் பிறந்தார். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் இயற்பியல்சார் வேதியியல் படித்து, 1924இல் முனைவர் பட்டம் பெற்றார். விரைவிலேயே அமெரிக்காவுக்குப் போனார். கிளீவ்லாந்தில் ஒரு மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் உயிர்ப்பொருளிலிருந்து வெளிப்படும் ஆற்றலைப் பற்றி ஆராய்ந்தார். 1937இல் அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது. அதே ஆண்டு வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தில் சேர்ந்து, வெப்பத்தை நேரடியாக மின்சாரமாக மாற்றும் வெப்பமின் கருவிகளில் வேலை செய்தார்.

1938இல் காட்ஃப்ரே கேபட் என்ற செல்வந்தர், சூரிய ஆற்றலை ஆராய்வதற்காக மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு, அதாவது எம்.ஐ.டி.க்குப் பெரும் நன்கொடை அளித்தார். அதைக்கொண்டு தொடங்கிய திட்டத்தில் 1939இல் டெல்கெஸ் சேர்ந்தார். திட்டத்தின் தலைவர் ஹாய்ட் ஹாட்டெல் என்ற வேதிப்பொறியாளர். அந்த ஆண்டே எம்.ஐ.டி. தன் முதல் சூரிய வீட்டைக் கட்டியது. கூரையில் தகடுகள் பதித்து, அவற்றில் சூடேறிய தண்ணீரை அடித்தளத்தில் ஒரு மாபெரும் தொட்டியில் சேர்த்து, கோடையின் வெப்பத்தைக் குளிர்காலத்துக்கு வைத்துக்கொள்ளும் ஏற்பாடு. அது வேலை செய்தது. ஆனால் செலவு கட்டுப்படியாகாது என்று ஹாட்டெல் முடிவுக்கு வந்தார்.

இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் வீடு நடைமுறைக்கு உதவாது என்று தெரிந்தபோது யாரும் அதைத் தோல்வி என்று சொல்லவில்லை. 'சோதனை' என்றுதான் சொன்னார்கள். ஹாட்டெலின் பதவிக்கும் எந்தப் பங்கமும் வரவில்லை.

இரண்டாம் உலகப் போரின்போது டெல்கெஸ் ஒரு சிறிய கருவியை வடிவமைத்தார். கப்பலோ விமானமோ சிதைந்து, உயிர்காப்புப் படகில் மிதப்பவர்களுக்குச் சுற்றிலும் கடல், குடிக்கத்தான் நீர் இருக்காது. காற்றடைத்து ஊதக்கூடிய ஒளிபுகும் பிளாஸ்டிக் உறை ஒன்றைப் படகோடு கட்டி மிதக்கவிட வேண்டும். உள்ளே கடல்நீரில் நனைந்த கறுப்புத் திண்டு. வெயிலில் நீர் ஆவியாகி, உறையின் உட்புறத்தில் துளிகளாகப் படிந்து, கீழே நன்னீராகச் சேரும். எரிபொருள் வேண்டாம், மடித்துப் பெட்டிக்குள் வைத்துக்கொள்ளலாம். எளிமையான அந்தக் கருவி படகுகளுக்குப் போய்ச் சேருவது போர் முடியும் காலம்வரை தாமதமானது. ஆனாலும் அதற்கு முன் சூரியனைப் பற்றிப் பேசியவர்கள் பெரிய கண்ணாடிகளையும் பெரிய எந்திரங்களையும் பற்றிப் பேசினார்கள். டெல்கெஸ் தாகமெடுத்த ஒரு மனிதரிடமிருந்து தொடங்கினார். அவருடைய பிற்கால வேலைகள் பலவும் இப்படித்தான், ஓர் அன்றாடத் தேவையிலிருந்து கிளம்பின.

உருகும் உப்பு

சூரிய வெப்பத்தில் பெரிய சிக்கல் அதைப் பிடிப்பதில் இல்லை, வைத்துக்கொள்வதில் இருக்கிறது. குளிர் நாட்டில் வெப்பம் தேவைப்படுவது இரவில், மேகமூட்டமான நாளில், பனி கொட்டும் வாரத்தில். அப்போதெல்லாம் வெயில் இருப்பதில்லை.

தண்ணீரில் சேர்த்து வைக்கலாம். ஒரு கிலோ நீரைப் பத்து டிகிரி சூடாக்கினால் சுமார் 42 கிலோஜூல் வெப்பம் அதில் தங்கும். ஒரு வாரத்துக்குத் தேவையானதைச் சேர்க்கக் குளம் போன்ற தொட்டி வேண்டும். டெல்கெஸ் வேறு வழியைப் பிடித்தார். கிளாபர் உப்பு என்று ஒன்று உண்டு. சோடியம் சல்பேட்டின் ஒவ்வோர் அலகோடும் பத்து நீர் மூலக்கூறுகள் சேர்ந்த படிகம். மலிவானது, ஒரு காலத்தில் பேதி மருந்தாகப் பயன்பட்டது. அது சுமார் 32 டிகிரி செல்சியஸில் உருகும். நம் ஊரில் சித்திரை மாதம் முழுக்க உருகியேதான் கிடக்கும். ஒரு கிலோ உப்பு உருகும்போது சுமார் 250 கிலோஜூல் வெப்பத்தை உள்ளே வாங்கி வைத்துக்கொள்ளும். மறுபடி உறையும்போது அதை அப்படியே திருப்பித் தரும். 32 டிகிரி என்பது மனித உடலுக்கு இதமான வெப்பம். பகலில் உருக்கி, இரவில் உறையவிட்டால் வீடு கதகதப்பாக இருக்கும்.

போருக்குப் பிறகு எம்.ஐ.டி. தன் இரண்டாவது சூரிய வீட்டைத் திட்டமிட்டபோது இந்த உப்பைப் பயன்படுத்தலாம் என்று டெல்கெஸ் வாதாடினார். சோதனைகளில் உப்பு சரியாக ஒத்துழைக்கவில்லை. ஹாட்டெலுக்கும் அவருக்கும் இடையே கருத்து வேறுபாடு முற்றியது. சூரிய ஆற்றல் திட்டத்திலிருந்து அவர் ஓரங்கட்டப்பட்டார். உலோகவியல் துறையில் அவருக்கு இடம் இருந்தது. ஆனால் சூரிய வீடு கட்ட அந்த நிறுவனத்தில் பணமும் இல்லை, அனுமதியும் இல்லை.

நிறுவனத்துக்கு வெளியே

இங்கேதான் மற்ற இரு பெண்களும் வருகிறார்கள்.

எலினார் ரேமண்ட், பாஸ்டனைச் சேர்ந்த கட்டடக் கலைஞர். பெண்களைப் பெரிய கட்டடக்கலைப் பள்ளிகள் சேர்த்துக்கொள்ளத் தயங்கிய காலத்தில், பெண்களுக்கென்றே நடந்த கேம்பிரிட்ஜ் பள்ளியில் படித்தவர். 1931இல் தன் தங்கைக்காக அவர் கட்டிய வீடு, நியூ இங்கிலாந்து பகுதியின் முதல் நவீன பாணி வீடுகளில் ஒன்று. அமேலியா பீபாடி ஒரு சிற்பி. பாரம்பரியமாகச் சொத்துள்ள குடும்பத்தில் பிறந்தவர். பாஸ்டனுக்கு அருகே டோவர் என்ற ஊரில் அவருக்கு நிலம் இருந்தது. புதிய கட்டுமானப் பொருள்களைச் சோதிப்பதற்காக, ஒட்டுப்பலகையிலும் அழுத்திய மரநார்ப் பலகையிலும் ரேமண்டை வைத்து ஏற்கெனவே வீடுகள் கட்டிப் பார்த்தவர். ஒரு சூரிய வீட்டுக்கும் செலவு செய்ய அவர் முன்வந்தார்.

விஞ்ஞானி ஒரு பெண், கட்டடக் கலைஞர் ஒரு பெண், முதல் போட்டவரும் ஒரு பெண். 1948இல் இது நடந்தது. போருக்காகத் தொழிற்சாலைகளுக்கு வந்த பெண்களை அமெரிக்கா மறுபடி வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த நேரம் அது. இவர்கள் 'வீடு' என்ற அதே சொல்லை எடுத்துக்கொண்டு, அதை ஆய்வகம் ஆக்கினார்கள்.

பீபாடியின் பணத்தை நான் மறந்துவிடச் சொல்லவில்லை. பரம்பரைச் சொத்து இல்லாத ஒரு பெண்ணுக்கு, நிறுவனம் கதவை மூடியபோது இப்படி ஒரு பக்கத்துக் கதவு திறந்திருக்காது. பெண்களின் ஒற்றுமை பற்றிப் பேசும்போது அந்த ஒற்றுமைக்கு யார் செலவு செய்தார்கள் என்பதையும் சேர்த்தே பேச வேண்டும்.

டோவர் வீடு பார்ப்பதற்கு ஆப்பு வடிவில் இருக்கும். தெற்கு நோக்கிய மேல்தளச் சுவர் முழுக்கக் கண்ணாடி. 18 சன்னல்கள் வரிசையாக இருப்பதுபோல் தோன்றும். ஆனால் அவற்றின் வழியே எட்டிப்பார்க்க முடியாது. கண்ணாடிக்குப் பின்னால் கறுப்பு பூசிய உலோகத் தகடுகள். அங்கே சூடான காற்றை மின்விசிறிகள் இழுத்து, அறைகளுக்கு இடையே இருந்த வெப்ப அறைகளுக்குள் அனுப்பும். அந்த வெப்ப அறைகளில் மூடிய கலன்களில் சுமார் 21 டன் கிளாபர் உப்பு. வெயில் இல்லாத பல நாட்களை இந்த உப்பு தாங்கும் என்பது டெல்கெஸின் கணக்கு. 1948 டிசம்பரில், உறையும் குளிரில், டெல்கெஸின் உறவினரான நெமெத்தியின் குடும்பம் அதில் குடியேறியது.

பத்திரிகைகள் கொண்டாடின. டெல்கெஸுக்குச் 'சூரிய ராணி' என்று பட்டம் சூட்டின. ஹாட்டெலை யாரும் 'சூரிய ராஜா' என்று எழுதியதாக நான் படித்ததில்லை. அவர் பொறியாளர், பேராசிரியர். பட்டம் சூட்டுவதும் சில நேரம் ஒருவரை அவருடைய தொழிலிலிருந்து வெளியே நிறுத்தும் வழிதான்.

மூன்றாவது குளிர்காலம்

இரண்டு குளிர்காலங்கள் வீடு தாக்குப்பிடித்தது. மூன்றாவதில் உப்பு மக்கர் செய்தது.

காரணம் இதுதான். கிளாபர் உப்பு பனிக்கட்டியைப் போல முழுசாக உருகுவதில்லை. உருகும்போது வெளிவரும் நீரில் எல்லா சோடியம் சல்பேட்டும் கரையாது. மிச்சம் நீரற்ற தூளாகக் கலனின் அடியில் படியும். குளிரும்போது அடியில் கிடக்கும் தூளும் மேலே நிற்கும் கரைசலும் முழுமையாகச் சேர்வதில்லை. அதனால் ஒவ்வொரு சுற்றிலும் உப்பு திருப்பித் தரும் வெப்பம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். அதோடு இன்னொரு சிக்கல்: உறைய வேண்டிய வெப்பநிலைக்குக் கீழே போன பிறகும் உப்பு சில நேரம் உறையாமல் திரவமாகவே நிற்கும். இதை மீக்குளிர்வு என்கிறோம். கலன்களும் அரித்துக் கசிந்தன. சில ஆண்டுகளில் அந்த வீட்டில் எண்ணெய் எரிக்கும் உலை வந்து உட்கார்ந்தது.

டெல்கெஸ் மீதும் பிழை உண்டு. சிறிய அளவிலேயே தொந்தரவு கொடுத்த உப்பை நம்பி, போதிய சோதனை இல்லாமல் 21 டன் வரை போனார். பத்திரிகையாளர்களிடம் பேசும்போது அடக்கி வாசிக்கும் பழக்கமும் அவருக்கு இல்லை. நம் முன்னோடிகளைக் குறையே இல்லாதவர்களாக எழுதினால், நம் மாணவிகள் முதல் தவறு செய்ததுமே தங்களுக்கு இங்கே இடமில்லை என்று நினைத்துவிடுவார்கள்.

ஆனால் அந்தப் பிழைக்குப் பிறகு அவர் செய்ததைப் பாருங்கள். 1952இல், மீக்குளிர்ந்த உப்புக் கரைசல்களில் படிகம் எப்படித் தொடங்குகிறது என்பதைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். கிளாபர் உப்போடு சிறிதளவு போராக்ஸ், நம் வீடுகளில் வெங்காரம் என்று சொல்வோமே அது, சேர்த்தால் உறைதல் உரிய நேரத்தில் தொடங்கிவிடும் என்று அதில் காட்டினார். தூள் அடியில் படியாமல் இருக்கக் கரைசலைக் கெட்டியாக்கும் வழிகளையும் பின்னாளில் கண்டார். இன்று 'நிலைமாற்றப் பொருள்கள்' என்ற பெயரில் பெரிய ஆய்வுத் துறை ஒன்று இருக்கிறது. அதில் கிளாபர் உப்பைத் தொடுபவர்கள் எல்லோரும் அந்தப் போராக்ஸில் வந்து நிற்கிறார்கள்.

அதே 1952இல் பெண் பொறியாளர் சங்கம் தன் முதல் சாதனை விருதை அவருக்கு அளித்தது. அடுத்த ஆண்டு எம்.ஐ.டி.யில் அவருடைய பணி முடிவுக்கு வந்தது.

அடுப்பும் இயற்பியலும்

எம்.ஐ.டி.யிலிருந்து நியூயார்க் பல்கலைக்கழகத்துக்குப் போன டெல்கெஸ், ஃபோர்டு அறக்கட்டளையின் 45,000 டாலர் உதவியுடன் சூரிய அடுப்பு ஒன்றை உருவாக்கினார். வெப்பம் வெளியேறாத பெட்டி, மேலே கண்ணாடி, சுற்றிலும் வெயிலை உள்ளே தள்ளும் பளபளப்பான தகடுகள். விறகும் எண்ணெயும் கிடைக்காத ஊர்களில் சாதாரண மக்கள் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும், சுமார் 175 டிகிரி செல்சியஸ் வெப்பம் வர வேண்டும், எளிதாகக் கையாள வேண்டும் என்பவை நிபந்தனைகள்.

அதே பத்தாண்டில் டெல்லியில் நம் தேசிய இயற்பியல் ஆய்வகமும் குழியாடி வைத்த ஒரு சூரிய அடுப்பை உருவாக்கி விற்பனைக்குக் கொண்டுவந்தது. இயற்பியலில் குறையில்லை. ஆனால் அது விலைபோகவில்லை. சமைப்பவர் வெயிலில் நிற்க வேண்டும், சூரியன் நகர நகர ஆடியைத் திருப்ப வேண்டும், இரவுச் சாப்பாட்டுக்கு அது உதவாது.

இது எனக்கு வரலாறு மட்டுமல்ல. 1980களில் அரசு மானியத்தில் பெட்டி வடிவ சோலார் குக்கர் கொடுத்தார்கள். அப்பா ஒன்று வாங்கி வந்து மாடியில் வைத்தார். உள்ளே கறுப்புப் பாத்திரங்கள், மூடியில் ஒரு கண்ணாடி. அம்மா அதில் பருப்பு வேகவைத்துப் பார்த்தாள். நன்றாகவே வெந்தது, நண்பகலுக்கு. எங்களுக்கு டப்பா கட்ட வேண்டியதோ காலை ஏழரைக்கு. "வெயில் வர்றதுக்குள்ள நீங்க எல்லாரும் கிளம்பிடுறீங்க, நான் யாருக்குச் சமைக்கிறது?" என்றாள். ஒரு மாதத்தில் அந்தக் குக்கர் மோர்மிளகாய் காயவைக்கும் பெட்டியாகிவிட்டது. அப்பா, "இவளுக்குப் புதுசா எதுவும் பிடிக்காது" என்றார். நானும் அதை நம்பினேன்.

பல ஆண்டுகள் கழித்துத்தான், அம்மா சொன்னது வெப்பச் சேமிப்புச் சிக்கல் என்று புரிந்தது. டெல்கெஸ் வாழ்நாள் முழுக்க மோதிய அதே சிக்கலை, இயற்பியல் படிக்காத ஒரு பெண் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டாள். அதைக் குறித்துக்கொள்ள எந்த ஆய்வாளரும் எங்கள் மாடிக்கு வரவில்லை.

எம்.பில். சேர்ந்தபோது, சூரிய அடுப்பில் உப்பு வைத்து மாலை வரை சூட்டைத் தக்கவைக்க முடியுமா என்று ஆராய ஆசைப்பட்டேன். நெறியாளர் தாளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அடுப்பெல்லாம் ஹோம் சயின்ஸ்காரங்க பார்த்துப்பாங்கம்மா. நீ பிசிக்ஸ் பண்ணு." பேசாமல் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அப்போது எல்லோரும் செய்ததுபோல நானும் படிக வளர்ச்சியில் இறங்கினேன். கரைசலில் விதைப் படிகம் தொங்கவிட்டு, வாரக்கணக்கில் காத்திருந்தேன். கரைசல் எப்போது உறையத் தொடங்கும் என்பதே என் ஆய்வின் மையம். டெல்கெஸ் 1952இல் கேட்ட அதே கேள்வி! அடுப்புக்குள் இருந்த இயற்பியலைத்தான் நான் குடுவைக்குள் வைத்துச் செய்துகொண்டிருந்தேன் என்பது அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

வெயிலை அளந்த அன்னா மாணி

சூரிய வெப்பத்தை வைத்து ஏதாவது செய்ய வேண்டுமானால், எந்த ஊரில் எவ்வளவு வெயில் விழுகிறது என்று முதலில் தெரிய வேண்டும். இந்தியாவுக்கு அந்தக் கணக்கைத் தந்தவரும் ஒரு பெண். திருவிதாங்கூரின் பீர்மேட்டில் 1918இல் பிறந்த அன்னா மாணி, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். பெங்களூரில் சி.வி. ராமனின் ஆய்வகத்தில் வைரம், மாணிக்கம் ஆகியவற்றின் ஒளிர்வை ஆராய்ந்து, ஐந்து கட்டுரைகளைத் தனி ஆசிரியராக வெளியிட்டார். முதுகலைப் பட்டம் இல்லை என்ற காரணத்தால் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் தரவில்லை. பிறகு இங்கிலாந்தில் வானிலைக் கருவிகளில் பயிற்சி பெற்று, 1948இல் புனேயில் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். டோவர் வீடு எழுந்த அதே ஆண்டு.

கருவிகளை இங்கேயே செய்ய வைத்தார். சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை நாடு முழுக்க அமைத்தார். 1980இல் வெளிவந்த அவருடைய சூரியக் கதிர்வீச்சுத் தரவுக் கையேடு, இந்தியாவில் வெந்நீர்த் தகடு முதல் மின்நிலையம் வரை எதை வடிவமைத்தவர்களுக்கும் அடிப்படை. பட்டம் மறுக்கப்பட்டதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்றே அவரைச் சந்தித்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அது அவருடைய உரிமை. ஆனால் அவர் பெரிதுபடுத்தவில்லை என்பதால் அந்த அநீதி சிறியதாகிவிடாது.

டெல்கெஸ் அதன்பின் பல நிறுவனங்களில் வேலை பார்த்தார். விண்வெளித் திட்டங்களுக்கான வெப்பப் பாதுகாப்புப் பொருள்களிலும் அவர் உழைப்பு இருக்கிறது. பின்னர் டெலவேர் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1973இல் அங்கே கட்டப்பட்ட 'சோலார் ஒன்' வீட்டின் வெப்பச் சேமிப்பில் மறுபடி உப்போடு உட்கார்ந்தார். இருபதுக்கு மேற்பட்ட காப்புரிமைகள் அவர் பெயரில் உண்டு. 1995 டிசம்பரில், பல பத்தாண்டுகளுக்குப் பிறகு பிறந்த ஊரைப் பார்க்கப் போனபோது, புடாபெஸ்டிலேயே இறந்தார்.

ஆகவே, கடைசி பெஞ்சிலிருந்து கேட்ட பெண்ணே, ஆமாம், அந்த வீட்டில் உப்பு தோற்றது. எம்.ஐ.டி.யின் முதல் வீடும் நிலைக்கவில்லை, டெல்லி ஆய்வகத்தின் அடுப்பும் நிலைக்கவில்லை. அவற்றைப் பற்றி யாரும் உன்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்க வைக்கவில்லை. ஒரு வீடு இரண்டு குளிர்காலம் தாங்கியது என்றால், மூன்றாவதுக்கு என்ன வேண்டும் என்று கேட்பதுதான் இயற்பியல். டெல்கெஸ் கேட்டார், வெங்காரத்தைக் கண்டார்.

எம்.பில். தாளை நான் திரும்ப வாங்கிக்கொண்டேன். உன்னிடம் யாராவது அடுப்பு இயற்பியல் இல்லை என்று சொன்னால், நீ வாங்கிக்கொள்ளாதே. மாடியில் வெயில் அடிக்கிறது, கீழே உன் அம்மா இருக்கிறாள். அவளிடம் முதலில் கேட்டுவிட்டு வா.